போர்டை முதலில் வாங்கியவள்

எனக்கு வாய் அதிகம். இதை நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்வார், அவர் விட்டால் அலுவலகத்தில் இருக்கிறவர்கள் சொல்வார்கள். மீதிச் சில்லறை தராத பஸ் கண்டக்டரிலிருந்து, மகளை வெயிலில் நிற்க வைத்த டீச்சர் வரைக்கும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சின்ன வயதில் யாரோ என்னைத் தட்டிக் கொடுத்துவிட்டார்கள். நானும் நம்பிவிட்டேன்.

இரும்புக் கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. தூண் எங்கே நிற்கும், உத்தரம் எங்கே உட்காரும், எந்தத் துளையில் எந்த போல்ட் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அங்கே கிரேனில் தூக்கி நிறுத்தும்போது துளையும் துளையும் சேராது, இங்கே என் மானம் போகும். பதினோரு வருடத்தில் இரண்டு முறைதான் போயிருக்கிறது. மருந்துக் கடைக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தில் ஒரு காலத்தில் பத்தொன்பது பேர் இருந்தோம். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக ஆறு பேர் மிஞ்சினோம்.

ஒரு நாள் மானேஜர் ஆறு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"வருஷக் கடைசியோட இந்த இடத்தைக் காலி பண்றோம். வாடகை கட்டுப்படி ஆகல. அப்புறம் எல்லாரும் வீட்லேருந்துதான் வேலை. மெஷின் உங்களுது. ஒண்ணாம் தேதி காலையில பத்து மணிக்கு உங்க மெஷின்ல நம்ம சாஃப்ட்வேர் ஓடணும். ஓடுறவங்களுக்கு வேலை இருக்கு."

"ஓடாதவங்களுக்கு?" என்று கேட்டேன்.

அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அதான் எட்டு மாசம் முன்னாடியே சொல்றேனே."

என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. அவர் சம்பளம் மொத்தமும் வாடகைக்குப் போய்விடும். சாப்பாடு, பள்ளிக்கூடம், கரண்டு, மருந்து எல்லாம் என் சம்பளம். என் வேலை போனால் நாங்கள் அந்த வீட்டில் மூன்று மாதம் தாக்குப்பிடிக்க மாட்டோம். முப்பத்தெட்டு வயதில் என்னைப் புதிதாக எடுத்துக்கொள்ள எவனும் காத்திருக்கவில்லை.

அந்த சாஃப்ட்வேர் ஒரு சீமாட்டி. சாதாரண லேப்டாப்பில் கால் வைக்காது. அது ஓடுகிற லேப்டாப்புக்கு விலை கேட்டுவிட்டு நான் கடைக்காரனிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். டெஸ்க்டாப்பாகப் பொருள் பொருளாக வாங்கிச் சேர்த்தால் பாதி விலையில் முடியும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பாதி விலையும் என்னிடம் மொத்தமாக இல்லை. மாதம் ஒரு பொருள் வாங்கலாம். எட்டு மாதம், எட்டுப் பொருள். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது சும்மாவா?

அப்படித்தான் லென்ஸ் அண்ணனிடம் போய்ச் சேர்ந்தேன்.

கம்ப்யூட்டர் சாமான் விற்கிற தெருவில் அது மூன்றாவது கடை. முன்னால் கண்ணாடி மேசைக்குப் பின்னால் முதலாளி. உள்ளே ஒரு நீளமான பெஞ்சு, அதன்மேல் ரப்பர் விரிப்பு, தலைக்குமேல் ஒரு குழல்விளக்கு. அங்கே உட்கார்ந்து மெஷின் கோக்கிறவர்தான் அவர். ஐம்பது வயது இருக்கும். தடித்த கண்ணாடி போட்டிருப்பார். அது போதாதென்று கையில் ஒரு பூதக்கண்ணாடி. எந்தப் பொருளைப் பெட்டியிலிருந்து எடுத்தாலும் அதை வைத்து ஒரு சுற்றுப் பார்க்காமல் திருகாணியைத் தொடமாட்டார். தெரு முழுக்க அவருக்கு லென்ஸ் என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருடமாக அந்த ஒரே பெஞ்சு.

நான் என் நிலைமையைச் சொன்னதும் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்தார்.

"எதை வேணா எப்ப வேணா வாங்குங்க தங்கச்சி. மத்த எல்லாத்தையும் மாட்டுற போர்டு இருக்கே, அதை மட்டும் கடைசியா வாங்குங்க. வாங்கின அன்னைக்கே இங்கயே ஓட்டிப் பாத்துடணும். பத்து நாளைக்குள்ளன்னா கடையிலேயே மாத்திக் குடுப்போம். அதுக்கப்புறம் கம்பெனிக்காரன் வழவழன்னு பேசுவான்."

தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு, வெளியே வந்த கையோடு, கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். நான் வாங்க வேண்டிய அதே போர்டு, மூன்று நாளைக்கு மட்டும் கால்வாசி விலை குறைவு. எட்டு மாதம் கழித்து இந்த விலைக்கு எவன் தருவான்? திரும்பி உள்ளே போய் அன்றே வாங்கிவிட்டேன். லென்ஸ் அண்ணன் முகத்தைச் சுளித்தார்.

"இப்பத்தான சொன்னேன்."

"ஏண்ணே, புது போர்டு, பெட்டிக்குள்ள தூங்கப்போகுது. அதுக்கு என்ன ஆகும்?"

"ஆகாதுதான்," என்றார். பெட்டியைத் திறந்து, லென்ஸ் வைத்து நான்கு மூலையும் பார்த்து, மூடி என்னிடம் கொடுத்தார்.

அடுத்த மாதம் மெஷினுக்கு வெளிக்கூடான கேபினட் வந்தது. மகள் அதைத் திறந்து தன் பொம்மைகளைக் குடிவைத்தாள். மேல்மாடி காலி, வாடகைக்கு விடப்படும் என்று எழுதி ஒட்டினாள். அதற்கடுத்து கரண்டு கொடுக்கும் பவர் சப்ளை. விலை குறைவாக ஒன்று கேட்டேன், லென்ஸ் அண்ணன் தரவே மாட்டேன் என்றார். "யானை வாங்கிட்டு அங்குசத்துக்குக் கஞ்சத்தனமா தங்கச்சி? இது போனா எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போகும்." முக்கால் மணி நேரம் பேரம் பேசி, அவர் சொன்னதையே வாங்கினேன். பிறகு மெமரி, டிஸ்க். மானிட்டரை அலுவலகத்திலேயே பழைய சாமான் விலைக்குத் தள்ளிவிட்டார்கள். கிராஃபிக்ஸ் கார்டு செகண்ட் ஹேண்ட். அதையும் அவர்தான் ஒரு முழு மதியம் ஓட்டிப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். அந்த எட்டு மாதமும் நாங்கள் யாரும் புதுத் துணி எடுக்கவில்லை, வீட்டுக்காரரின் பல்வலிக்குக் கிராம்புதான் வைத்தியம். அலமாரியின் கீழ்த்தட்டில் ஒவ்வொரு பெட்டியாக ஏறியது. எட்டாவது மாதம் மெஷினுக்கு மூளையான ப்ராசஸரை வாங்கினேன். ஒண்ணாம் தேதிக்கு ஒரு வாரம் இருந்தது.

சனிக்கிழமை மதியம் எல்லாவற்றையும் இரண்டு சாக்குப் பையில் போட்டு ஆட்டோ பிடித்துக் கடைக்குக் கொண்டுபோனேன். கடையில் நல்ல கூட்டம். லென்ஸ் அண்ணனுக்கு முன்னால் இரண்டு மெஷின் காத்திருந்தது. நாலரை மணிக்கு மகளைப் பள்ளியில் கூப்பிட வேண்டும். அன்று ஏதோ சிறப்பு வகுப்பு. என் முறை வந்தபோது மணி மூன்றே முக்கால்.

அவர் போர்டை எடுத்து விரிப்பில் வைத்தார். கை லென்ஸைத் தேடியது.

"அண்ணே, லென்ஸெல்லாம் இன்னைக்கு வேணாம்ணே. நீங்க அன்னைக்கே பாத்துக் குடுத்த போர்டுதானே. பள்ளிக்கூடம் விட்டுரும், புள்ள தனியா நிக்கும்."

"பதறாத காரியம் சிதறாது தங்கச்சி."

"சிதறாதுண்ணே, சீக்கிரம்."

சிரித்துக்கொண்டே லென்ஸைக் கீழே வைத்துவிட்டார். இதை நான் அப்படியே சொல்ல வேண்டும்: அவர் எனக்காகத்தான் அதைக் கீழே வைத்தார். போர்டின் நடுவே இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை எடுத்தார், ப்ராசஸரை அதற்குக் கீழே இருந்த சதுரக் குழியில் உட்கார வைத்தார், கம்பியை மடக்கினார். எவ்வளவு அழகான கை. கொஞ்சம்கூட அசையாது. மெமரி, டிஸ்க், கார்டு, எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்தது. சுவிட்சைப் போட்டார். மூன்று விசிறியும் சுற்றின. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது.

மெமரியைக் கழற்றி மாட்டினார். கறுப்பு. கார்டைக் கழற்றினார், வேறு கார்டு போட்டார், கேபிளை மாற்றினார். கறுப்பு. கடைசியில் ப்ராசஸரை வெளியே எடுத்து, லென்ஸை வைத்து அந்தச் சதுரத்துக்குள் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தங்கச்சி, பின்னு வளைஞ்சிருக்கு."

என் கையில் லென்ஸைக் கொடுத்தார். சதுரத்துக்குள் தங்க நிறத்தில் மயிரிழை போல ஆயிரத்துக்கும் மேல் பின்கள். வரிசையாக நிற்க வேண்டியவை. ஒரு மூலையில் மட்டும் ஏழெட்டுப் பின்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "பத்து நாள் கணக்கு எப்பவோ முடிஞ்சிருச்சேம்மா. பின்னு வளைஞ்சா கம்பெனியும் எடுக்க மாட்டான். புது போர்டுதான் வாங்கணும்."

என்னிடம் அப்போது ஆட்டோவுக்கு மட்டும்தான் காசு இருந்தது. ஒண்ணாம் தேதிக்கு ஐந்து நாள்.

"பெட்டியைத் தொறக்கறப்ப எப்படி இருந்துச்சு?" என்று முதலாளி லென்ஸ் அண்ணனைக் கேட்டார்.

"பாக்கல முதலாளி."

"வைக்கறப்ப நீ வளைச்சியா?"

அவர் உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் யோசித்தார். "வளைச்ச மாதிரி தெரியல. ஆனா லென்ஸ் வச்சுப் பாக்கல. அதனால சத்தியமா சொல்ல முடியல," என்றார்.

நரம்பில்லாத நாக்கு என்பார்களே. எனக்கு அந்த யோசனை போதுமானதாக இருந்தது.

"சொல்ல முடியலையா? என் எட்டு மாசச் சோத்தை ஒரு நொடியில உடைச்சுப் போட்டுட்டுச் சொல்ல முடியலையா? அன்னைக்கு நாலு மூலையும் பாத்து நல்லா இருக்குன்னு குடுத்தது யாரு? நான் வீட்ல வச்சு அதைத் தின்னேனா? ஏன் முதலாளி, கண்ணு தெரியாத ஆளை, கை நிக்காத ஆளை எதுக்கு இன்னும் பெஞ்சுல வச்சிருக்கீங்க? தர்மத்துக்கா? இங்க இருக்கிற எல்லாரும் கேட்டுக்கங்க, உங்க சாமானையும் இந்தக் கையில குடுத்துட்டு அழுவாதீங்க!"

பெட்டியோடு நின்ற ஒருவர் அதை மேசைமேல் வைத்துவிட்டு மெதுவாக வெளியே நடந்தார். அவர் நடந்ததைத்தான் முதலாளி பார்த்தார். என்னையல்ல.

அந்த நேரத்தில் நான் சொன்னதை நான் நம்பினேனா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். நம்பினேன். நம்புவது எனக்குத் தோதாக இருந்தது. கை நடுங்கியதை நான் பார்க்கவில்லை. அது நடுங்கவில்லை என்பதைத்தான் பார்த்திருந்தேன். ஆனாலும் சொன்னேன்.

முதலாளி அலமாரியிலிருந்து புது போர்டு ஒன்றை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். "இவங்களுக்கு இதைப் போட்டுக் குடு. சம்பளத்துல பிடிச்சுக்கறேன்."

"சரி முதலாளி," என்றார் லென்ஸ் அண்ணன்.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார். இந்த முறை லென்ஸ் வைத்து இரண்டு தடவை பார்த்தார். நான் பக்கத்திலேயே காவல் மாதிரி நின்றேன். சுவிட்சைப் போட்டதும் மானிட்டரில் வெளிச்சம் வந்தது. கேபினட்டைத் துணியால் சுற்றி, கயிறு கட்டி, ஆட்டோ வரைக்கும் அவரே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். "பாத்துக் கொண்டு போங்க," என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை. சொல்லாததை ஆட்டோ கிளம்பிய பிறகுதான் கவனித்தேன்.

பள்ளி வாசலில் மகள் வாட்ச்மேனோடு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் ஆகிவிடவில்லை.

வீட்டுக்காரருக்கு அன்று மாலை தலைகால் புரியவில்லை. மேசையை நகர்த்தினார், ஒயரை இழுத்தார், மானிட்டரைத் துடைத்தார். அவரைப் பற்றி ஒரு விஷயம்: ஆப்பரேஷன் தியேட்டரைத் துடைக்கிற ஆள் அவர். அங்கே ஒரு சொட்டு அழுக்கு இருந்தாலும் உயிர் போகும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். வீட்டில் சுவிட்சு, கதவுப் பிடி, மகளின் பென்சில் டப்பா எதையும் விட்டுவைக்க மாட்டார். சாப்பிட உட்கார்ந்தபோது கடையில் நடந்த சண்டையைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"அநியாயமா இருக்கே," என்றார் அவர். "நான் எவ்வளவு சுத்தமா வச்சிருந்தேன் அதை."

"எதை?"

"போர்டைத்தான். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நீ கடைக்குப் போறப்ப எல்லாத்தையும் எடுத்துத் துடைச்சு வைப்பேன். தூசி பட்டா கெட்டுப் போகும்னு சொல்வாங்கல்ல."

"அந்தக் கறுப்பு மூடியைத் தொறந்தீங்களா?"

"நெம்பினா வந்துருது. உள்ள தங்கக் கலர்ல பளபளன்னு இருந்துச்சு. ஸ்பிரிட்டைப் பஞ்சுல தொட்டு ஒத்தி எடுத்தேன். ஒரு மூலையில கொஞ்சம் பஞ்சு மாட்டிக்கிச்சு, மெதுவா இழுத்து எடுத்துட்டு மூடி வச்சேன். ஏன், அதை அந்தாளு ஒழுங்காத் தொடைக்கலையா?"

அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. பதினைந்து வருடமாக எதையும் உடைக்காத மனிதர். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். "ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க," என்றேன்.

மறுநாள் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் முதலாளி போர்டைக் கழற்றிக்கொள்வார். ஒண்ணாம் தேதி பத்து மணிக்கு என் மானிட்டர் கறுப்பாக இருக்கும். எனக்கு வேலை போய்விடும். இது தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு சம்பளம் வரட்டும், போர்டுக்கான பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், ஒரு மாதத்தில் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஒண்ணாம் தேதி பத்து மணிக்கு ஆறு பேரில் நான்கு பேர் அவரவர் வீட்டிலிருந்து சாஃப்ட்வேருக்குள் வந்தோம். மற்ற இரண்டு பேரைப் பற்றி மானேஜர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மெஷின் நன்றாக ஓடியது. அதுதான் கொடுமை. ஒவ்வொரு நாளும் காலையில் சுவிட்சைப் போட்டதும் அது முக்காமல் முனகாமல் எழுந்து நிற்கும். அவர் கட்டிய ஒயர்கள் கேபினட்டுக்குள் பின்னல் போட்ட மாதிரி ஒழுங்காக இருக்கும். அந்த மாதம் முழுக்க வீட்டுக்காரரிடம் எரிந்து எரிந்து விழுந்தேன். ஏன் என்று அவருக்குத் தெரியாது.

சம்பளம் வந்த மறுநாள் கடைக்குப் போனேன். பெஞ்சில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்து திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள்.

முதலாளி என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "வாங்கம்மா. மெஷின் எப்படி? நீங்க அன்னைக்குச் சத்தம் போட்டது நல்லதாப் போச்சு. எனக்கு அப்பத்தான் உறைச்சுது."

"லென்ஸ் அண்ணன் எங்க?"

"அனுப்பிட்டேன். நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. நீங்க போன மூணாம் நாள், ஒரு பெரிய பார்ட்டியோட போர்டு. ப்ராசஸரைக் கையில எடுத்தாரு, என் கண்ணு முன்னாடி கை வெடவெடன்னு ஆடுது. பொத்துன்னு போட்டாரு. பின்னு மொத்தமும் போச்சு. பழகின ஆளுன்னு இத்தனை நாள் விட்டு வச்சது என் தப்பு."

நான் உண்மையைச் சொன்னேன். வீட்டுக்காரர், பஞ்சு, ஸ்பிரிட், எல்லாம். அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார்.

"சரிம்மா. ஆனா அந்தப் பெரிய பார்ட்டி போர்டைக் கெடுத்தது அவர்தானே? அதை நான் பாத்தேனே. இனிமே அதைக் கிளறி என்ன ஆகப்போகுது?"

"அவரைத் திரும்ப எடுத்துக்கங்க."

"ஆடுற கையை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?" அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. முகவரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மூன்றாவது மாடி. படியில் பாதி விளக்கு எரியவில்லை. கதவைத் திறந்தது அவர் மனைவி. உள்ளே ஒரே அறை, நடுவில் திரை போட்டு இரண்டாக்கியிருந்தார்கள். தரை முழுக்கக் காலிப் பாட்டில்கள். லென்ஸ் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். பாதிக்குப் பாதி கோணலாக இருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். "வாங்க தங்கச்சி. மெஷின் ஓடுதா?"

வாயுள்ள பிள்ளை. ஓடுகிறது என்று தலையை மட்டும் ஆட்டினேன். தரையில் உட்கார்ந்து, பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அன்று ராத்திரியே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அதை மறைத்துவிட எவ்வளவோ ஆசைப்பட்டேன், வரவில்லை.

"ஒரு மாசமா?" என்றாள் அவர் மனைவி. "ஒரு மாசமா தெரிஞ்சும் வாயைத் தொறக்கலையா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"இரு," என்று அவளைக் கையமர்த்தினார் அவர். என் பக்கம் திரும்பினார். "அப்ப அந்த போர்டை நான் வளைக்கல."

"இல்லண்ணே."

"நான் வைக்கறதுக்கு முன்னாடியே வளைஞ்சிருந்துச்சு."

"ஆமாண்ணே. சத்தியமா."

"நல்லா தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்ணே."

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "நீங்க போன அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஊசியில நூல் கோத்துப் பாத்தேன் தங்கச்சி. பன்னெண்டு தடவை கோத்தேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு நெனைச்சேன். மறுநாள் பெஞ்சுல உக்காந்தா, எடுக்கறப்ப எல்லாம் உங்க சத்தம் காதுல கேக்குது. கை நிக்காத ஆளுன்னு. நிக்குதா நிக்குதான்னு கையையே பாக்கறேன். பாக்கப் பாக்க ஆடுது."

நான் கொண்டுபோன பணத்தை எடுத்து வைத்தேன். அவர் மனைவி அதை உற்றுப் பார்த்தாள், பிறகு எடுத்துக்கொண்டாள். "நம்ம காசுதான்," என்றாள் அவரிடம். அவள் என் கன்னத்தில் இரண்டு அறை கொடுத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

லென்ஸ் அண்ணன் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தார். உள்ளே ஒரு பழைய போர்டு, ஒரு பழைய ப்ராசஸர். இரண்டும் செத்தவைதான், பழகிப் பார்ப்பதற்காக யாரிடமோ கேட்டு வாங்கி வைத்திருந்தார். போர்டை மடியில் வைத்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அவர் வளைக்கவில்லை என்று தெரிந்துவிட்டதல்லவா, இனி அந்தக் கை நிற்கும் என்று நான் மனதார நம்பினேன்.

இரண்டு விரலால் ப்ராசஸரை எடுத்தார். கை அசையாமல் சதுரத்துக்கு நேரே வந்தது. அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சதுரத்துக்கு ஒரு விரல் உயரத்தில் வந்ததும் ஆடத் தொடங்கியது. மேலே எடுத்தார், மூச்சை இழுத்துவிட்டார், மறுபடி இறக்கினார். அதே இடத்தில் ஆடியது. மூன்றாவது முறை இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையும் சேர்ந்து ஆடின.

"அன்னைக்கு நீங்க சொன்னது பொய்," என்றார், குரலில் கோபமே இல்லாமல். "இப்ப நெஜமாயிருச்சு."

"அண்ணே, கொஞ்ச நாள் போனா சரியாயிரும்ணே."

"நீங்க பாக்கறதனாலயோ என்னமோ. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க தங்கச்சி. இன்னொரு தடவை வச்சுப் பாக்கறேன்."

எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அவர் மனைவியும் என் பக்கத்தில் வந்து சுவரைப் பார்த்து நின்றாள். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. சரியாக வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு எங்கள் முதுகுக்குப் பின்னால் அது போர்டின்மேல் விழுந்தது. சின்னச் சத்தம்தான்.